கிளட்ச் மேல் ஒரு சத்தியம்

சத்தியம் செய்வதில் ஷவ்கியை மிஞ்ச அலெக்சாந்திரியாவில் ஆள் கிடையாது. ரொட்டி ஆறியிருந்தால் ஒரு சத்தியம், டிராம் தாமதமானால் இன்னொன்று. அதுவும் லேசுப்பட்ட சத்தியமா? 'இது நடக்கலேன்னா என் பெண்டாட்டி தலாக்' என்கிற ரகம். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு அது முற்றுப்புள்ளி மாதிரி, எந்த வாக்கியத்தின் கடைசியிலும் வைத்துவிடுவார்கள். இருபது வருடத்தில் அவன் மனைவி இன்ஷிராஹ் எத்தனை தடவை தலாக்கின் வாசல்வரை போய்த் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒரு நாள் காலை சத்தியம் காரின் மேல் விழுந்தது. நாற்பது வயது நீலக் கார். கிளட்சை மிதித்தான், உள்ளே போன பெடல் திரும்பி வரவில்லை. காருக்கு அடியில் எண்ணெய் சொட்டிக் குளம் கட்டியிருந்தது. கிளட்சை இயக்குகிற கீழ் சிலிண்டரின் ரப்பர் கிழிந்துவிட்டது.

தெருமுனையில் உஸ்தா கிர்கிஸ் என்ற கைதேர்ந்த மெக்கானிக் இருக்கிறார், அவரிடம் விடுங்கள் என்றாள் இன்ஷிராஹ். அதோடு நிறுத்தியிருக்கலாம். சரியானதும் இனி நான்தான் ஓட்டப்போகிறேன், லைசென்ஸ் வாங்கி ஆறு வாரம் ஆகிறது என்றும் சேர்த்துச் சொன்னாள். ஷவ்கிக்குச் சுருக்கென்றது. இந்த கிளட்ச் என் காலுக்கு மட்டும்தான் பணியும் என்று சொல்லிச் சொல்லித்தான் இத்தனை நாளும் அவளை அந்த சீட்டில் உட்கார விடாமல் வைத்திருந்தான்.

"இந்த வீட்டு ஆளைத் தவிர எவன் கை இந்த கிளட்ச்சுல பட்டாலும் நீ தலாக்" என்றான். "நானே மாத்துறேன். மாத்துனவன் கையிலதான் சாவி."

துறைமுகச் சுங்க ஆபீசில் முப்பது வருடம் முத்திரை குத்திய கை அது. ஆனால் தைரியத்துக்குக் குறைவில்லை. புது சிலிண்டர் வாங்கினான், காருக்கு அடியில் படுத்தான், பழையதைக் கழற்றினான். மீசையில் பாதி எண்ணெய் ஏறியது. புதியதை மாட்டி முடித்து மிதித்தால் பெடல் ஊறின ரொட்டி மாதிரி அமுங்கியது. குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டியும் அது வெளியே வருவதாக இல்லை.

மூன்றாம் நாள், இன்ஷிராஹ் மருந்துக்கடை வேலைக்குப் போன கையோடு, அண்டை வீட்டார் நாலு பேர் தள்ள, கார் கிர்கிஸிடம் போயிற்று. ஷவ்கியையே சீட்டில் உட்கார்த்தி மிதிக்கச் சொன்னார் கிர்கிஸ். இவன் மிதித்துப் பிடிக்க, அவர் கீழே படுத்துக் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து மூட, கால் மணி நேரத்தில் காற்று முழுக்க வெளியேறியது.

சாயங்காலம் அவள் வந்தபோது ஷவ்கி மூக்கில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொண்டு வாசலில் நின்றான். அவள் பெடலை மிதித்துப் பார்த்தாள். கெட்டியாக இறங்கி, காலை எடுத்ததும் மேலே வந்தது.

"பரவாயில்லையே. காத்தும் நீங்களே எடுத்தீங்களா?"

"பின்னே?"

"மிதிச்சது யாரு?"

"நான்தான்."

"அப்போ கீழே படுத்து நிப்பிளைத் திறந்தது?"

"அதுவும் நான்தான்."

"எங்கப்பா முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டினார். பத்து வயசுலேர்ந்து அவருக்கு நான்தான் மிதிச்சுக் கொடுத்திருக்கேன். இது ரெண்டு பேர் வேலை." அவள் குரல் உயரவேயில்லை. "ஆக, வேற கை பட்டிருக்கு. சத்தியப்படி நான் தலாக். அந்நிய ஆம்பளை வீட்டுக்குள்ள நிக்கக் கூடாது, வெளியே இருங்க."

அவள் மாடியேறி உள்ளே போக, கதவு சாத்தப்பட்டது. மாடிப்படியில் நின்ற ஷவ்கிக்கு நிஜமாகவே பயம் வந்தது. அவள் இல்லாத வீட்டை அவன் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. விழுந்தடித்துப் பள்ளிவாசல் ஷேக்கிடம் ஓடினான். பிரிகிற எண்ணம் இருந்ததா என்று அவர் கேட்டார். சத்தியமாக இல்லை என்றான். இன்னொரு சத்தியம் வேண்டாம் என்றார் அவர். கல்யாணம் முறியவில்லை, முறிந்தது சத்தியம்தான், அதற்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடு என்று அனுப்பிவைத்தார்.

வீடு திரும்பினால் கதவு திறந்திருந்தது. சமையலறையில் அரிசியும் பருப்பும் மக்ரோனியும் ஒரு கூடை வெங்காயமும் எடுத்து வைத்திருந்தாள். ஷேக் என்ன பரிகாரம் சொல்வார் என்று அவளுக்கு முன்பே தெரியும்.

"குஷரி செய்யுங்க. சத்தியம் உங்களோடது, சமையலும் உங்களோடது."

"சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

"மாத்துனவன் கையிலதான் சாவின்னு சொன்னது யாரு? வேலையை முடிச்சவரு கிர்கிஸ். வேலைலேர்ந்து வர்ற வழியில அவரைப் பார்த்தேன். எல்லாம் சொன்னார். சாவியை எனக்கு விட்டுக் கொடுத்துட்டார்."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். ஷவ்கி வெங்காயம் நறுக்கினான். கண்ணில் வந்த தண்ணீருக்கு வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது. பத்துத் தட்டுகளையும் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு இன்ஷிராஹ் காரை எடுத்தாள். அவளுடைய காலுக்கும் கிளட்ச் நன்றாகவே பணிந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினாள். கையில் ஒரு தட்டு மீதி இருந்தது.

"ஏன், பத்துப் பேரு கிடைக்கலையா?"

"ஒன்பது பேரு கிடைச்சாங்க." தட்டை அவன் முன்னால் வைத்தாள். "சாவியும் போச்சு, காரும் போச்சு. உங்களை விட ஏழையை நான் எங்கே போய்த் தேடுவேன்? சாப்பிடுங்க."