பெஷாவரில் ஒரு நாள் முன்னால் தெரிந்த பிறை

லாகூர்,
பெருநாள் கழிந்து இரண்டாம் நாள்.

மதிப்புக்குரிய மைத்துனரும், இறைவன் நாடினால் சம்பந்தியும் ஆகப்போகிற முனவ்வர் அவர்களுக்கு, தராசுக் கடை கரம் இலாஹி சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், உம்முடைய அக்கா ஹாஜிரா, கடையில் விற்காமல் கிடக்கிற தராசுகள் எல்லோரும் நலம். அங்கே நீர், உம் மகள் ஸஃபிய்யா, நீர் தைத்து அனுப்புகிற கால்பந்துகள் யாவும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன்.

நோன்பு தொடங்கும் முன் நீர் போட்ட கடிதத்துக்கு இது பதில். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று சியால்கோட்டில் நாலு பேர் கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டும், பெருநாள் கழித்து ஒரு வாரத்துக்குள் என் மகன் தாஹிர் தராசுக் கடையில் உட்காராவிட்டால் நிச்சயத்தை மறந்துவிடும் என்று எழுதியிருந்தீர். பெண்ணைப் பெற்றவர் கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரே சொல்லில் எப்படிச் சொல்ல? என் மகன் சினிமாவுக்குக் கதை எழுதுகிறான், வசனம் எழுதுகிறான், பாட்டு எழுதி அதை அவனே பாடுகிறான், சண்டை சொல்லித்தருகிறான், இயக்குகிறான், நடிக்கிறான். இந்தப் படத்தில் அண்ணனும் அவன், தம்பியும் அவன். விளம்பரப் பலகையில் அவன் பெயர் ஒன்பது இடத்தில் இருக்கிறது. பலகை எழுதுகிறவர் கடைக்கே வந்துவிட்டார். "ஷேக் சாஹிப், உங்க பையன் பேரை எழுதி எழுதியே சிவப்புச் சாயம் தீந்துபோச்சு. கதாநாயகி பேரைப் பச்சையில எழுதிரட்டுமா?" என்று என்னைக் கேட்கிறார். நான் சினிமாப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன் என்பது உமக்கே தெரியும்.

நடந்ததை எந்தப் பக்கமும் சாயாமல் சொல்கிறேன். பெருநாள் அன்று படம் லாகூரில் ஒரு கொட்டகையிலும், பெஷாவரில் குல்ரேஸ் கான் என்பவர் கொட்டகையிலும் வெளியாவதாக ஏற்பாடு. இருபத்தெட்டாம் நோன்பு வரை கடைசிச் சுருள் எடுத்து முடியவில்லை. அதில் அண்ணனும் தம்பியும் கோடாரியால் வெட்டிக்கொண்டு சாக வேண்டும். இரண்டு பேரும் இவனே என்பதால், அண்ணனாக நின்று வெட்டிவிட்டு, மீசையைப் பிய்த்து, சட்டையை மாற்றி, தம்பியாக வந்து அந்த வெட்டை வாங்கிக்கொண்டு, மறுபடி மீசையை ஒட்ட வேண்டும், அதுவும் நோன்போடு, தண்ணீர்கூடக் குடிக்காமல். அன்று மாலை நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கிறான், பெஷாவரிலிருந்து தொலைபேசி. "நாளைக்கு எங்களுக்குப் பெருநாள்! பிறை பாத்தாச்சு! படப்பெட்டி எங்கய்யா? ஜனம் புதுச்சட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்கும், உன் போட்டோவையா காட்டட்டும்?" என்று குல்ரேஸ் கான் கத்துகிறார். அவர்களுக்கு நம்மைவிட ஒரு நாள் முன்னால் பிறை தெரிவது வருஷா வருஷம் நடக்கிற கதை, பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஒன்பது வேலை தெரிந்த என் மகனுக்கு மட்டும் தெரியவில்லை. கடைசிச் சுருள் இல்லாமலே பெட்டி பெஷாவர் பஸ் ஏறியது.

அங்கே என்ன ஆயிற்று என்றால், இரண்டு பிள்ளைகளும் கோடாரியை ஓங்குகிறார்கள், தகப்பன் நடுவே வந்து நிற்கிறார், இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், அவ்வளவுதான், விளக்குப் போட்டுவிட்டார்கள். நாற்காலி பறக்கும் என்று குல்ரேஸ் கான் பின்கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாராம். ஒரு நாற்காலியும் நகரவில்லை. ஆறடி ஆட்கள் தலைப்பாகை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வருஷக்கணக்காகப் பேசாத அண்ணன் தம்பிகளைத் தேடிப்போய்க் கட்டித் தழுவினார்களாம். அந்தக் கிழவர் யாரோ, பரவாயில்லாமல் நின்றிருக்கிறார்.

மறுநாள் லாகூரில் பெருநாள். கடைசிச் சுருளையும் சேர்த்துக் காட்டினார்கள். அண்ணன் பாடிவிட்டுச் சாகிறான், தம்பி அதே குரலில் பாடிவிட்டுச் சாகிறான், இருபத்திரண்டு நிமிஷம். முன்வரிசையிலிருந்து ஒருவன், "டேய், ரெண்டு பேரும் நீதானடா, ஒண்ணாவே செத்துத் தொலையேன், வீட்டுல சேமியா ஆறுது!" என்று குரல் விட்டானாம். மாலைக் காட்சிக்குள் இங்கேயும் அந்தச் சுருளைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். இப்போது இரண்டு ஊரிலும் கொட்டகை நிரம்பி வழிகிறது.

படம் ஓடாமலிருந்தால் கடைக்கு வந்திருப்பான். ஓடிவிட்டது. "இனிமே அவனாவது தராசு தூக்குறதாவது, என் தம்பிக்கு உள்ளதைச் சொல்லிருங்க" என்று ஹாஜிரா சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆகவே பெண்ணுக்கு வேறு இடம் பாரும். எனக்கு வருத்தமில்லை. இருக்கிறது, பொய் சொல்வானேன். பிறந்த நாற்பதாம் நாள் என் கடைத் தராசில் வைத்து நான் எடை பார்த்த குழந்தை அவள்.

சின்னவர்களுக்கு என் அன்பையும் பெரியவர்களுக்கு என் சலாமையும் சொல்லும். எங்கிருந்தாலும் ஸஃபிய்யா நிறைவாக வாழட்டும்.

இப்படிக்கு,
கரம் இலாஹி

பின்குறிப்பு: பெருநாள் விடுமுறையில் தபால் நிலையம் பூட்டிக்கிடந்ததால் கடிதம் மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதற்குள் சில மாறுதல்கள். முதலில், தலைவைத்துப் படுக்காதவன் என்று எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். தகப்பன் வேஷக்காரர் நோன்பின் கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசலிலேயே தங்கி வணங்கப் போய்விட்டார், பிறை பார்க்காமல் வெளியே வரமாட்டேன் என்றுவிட்டார். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் அப்பாஜி, தராசு முள்ளு நடுவுக்கு வருதான்னு பாப்பீங்கல்ல, அப்படி ரெண்டு பக்கமும் பாருங்க போதும்" என்று தாஹிர் கெஞ்சினான், அவருக்குப் பதில் நான் போய் நின்றேன். ஒரு பக்கம் அவன் நின்றான். இன்னொரு பக்கம் யாருமில்லை, இல்லாத மகனைப் பார்க்கச் சொன்னான். எனக்குக் கடையில் அவன் உட்காராத இடமும் உம்முடைய கடிதமும் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. பெஷாவர் அழுதது அதற்குத்தான்.

நேற்று குல்ரேஸ் கான் நேரிலேயே கடைக்கு வந்தார். வசூல் கணக்கை என்னிடம் சொல்ல வந்திருந்த தாஹிர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்தான். அவர் அவனைத் தாண்டி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அடுத்த படம் நான் எடுக்கிறேன், வேற டைரக்டர். பெரியவர் மட்டும் வந்தாப் போதும்" என்றார். தாஹிர் விரித்த கையை மடக்கிக்கொண்டான். இன்று காலை எனக்கு முன்னால் அவனே கடையைத் திறந்து, தூசி தட்டி, அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். "போய்ட்டு வாங்க அப்பாஜி, இதை நான் பாத்துக்கிறேன். கேமராவை மட்டும் பாத்துடாதீங்க" என்றான்.

ஆகவே மாப்பிள்ளை தராசு வியாபாரி என்று நீர் தாராளமாகச் சொல்லலாம். ஒரு வாரக் கெடுவும் தாண்டவில்லை. நாள் குறித்துவிடும், வருகிற திங்கள் முதல் ஒரு மாதம் மட்டும் வேண்டாம், எனக்குப் படப்பிடிப்பு இருக்கிறது. மாப்பிள்ளையின் தகப்பன் என்ன வேலை பார்க்கிறான் என்று சியால்கோட்டில் நாலு பேர் கேட்டால், அதற்காகவும் நிச்சயத்தை முறித்துவிடாதீர்.