பெண் பார்க்கப் போன வீட்டில் ஒயின் கிளாஸ்

பெண் பார்க்கப் போகிற வீட்டுக்குப் பூ கொண்டு போகலாம், பழம் கொண்டு போகலாம், வாய் ஓயாத அத்தையைக்கூடக் கொண்டு போகலாம். ஒயின் கிளாஸ் மட்டும் கூடவே கூடாது. நான் கொண்டு போனேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது மடல் சுடுகிறது.

அப்போது நான் கோவைப் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். வெகு தொலைவில், தூசியைப் போர்த்திக்கொண்டு மங்கலாகக் கிடக்கும் கேலக்ஸிகள்தான் என் பாடம். நேராகப் பார்த்தால் அவை லேசில் சிக்காது. ஆனால் நமக்கும் அவற்றுக்கும் நடுவே, நேர்க்கோட்டில், கனமான இன்னொரு கேலக்ஸி வந்து நின்றால், அதன் ஈர்ப்பு விசை பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் காட்டும். சில சமயம் வளையமாகவே காட்டிவிடும். (இதை விளக்கியே பல வரன்களைத் துரத்திவிட்டவன் நான்.)

ஒயின் கிளாஸின் அடிப்பாகமும் ஒளியை ஏறக்குறைய அதேபோல வளைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதற்காக, ஹோட்டலில் வேலை செய்யும் தெரிந்த பையனிடம் ஒன்று கேட்டு வாங்கித் துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். காலையில் பள்ளிக்கூடம், மதியம் சென்னிமலையில் பெண் பார்ப்பது. பையை மாற்ற வேண்டும் என்ற புத்தி வரவில்லை.

பெண்ணின் பெயர் கோகிலா. அதற்கு முன்பே போனில் பேசியிருந்தோம். "அந்தத் தூசிக்குள்ள அப்படி என்னதானுங்க இருக்குது?" என்று என்னிடம் ஆசையாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். இந்த இடம் மட்டும் அமைந்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு தவிப்பு.

"ஆராய்ச்சின்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வாய மூடிக்கோ சாமி," என்று அம்மா வழியெல்லாம் கெஞ்சியபடி வந்தார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கோகிலாவின் அப்பா பெட்ஷீட் வியாபாரி, துருவாமல் விடுவாரா?

"எதப் பத்தி ஆராய்ச்சிங்க, தம்பி?"

சொன்னேன்.

"கண்ணுக்கே தெரியாததப் படிச்சு என்னங்க பண்றது?" என்று பக்கத்திலிருந்த தன் தம்பியைப் பார்த்தார். அவர்தான் கோகிலாவின் சித்தப்பா. நெற்றி நிறைய விபூதி. கிருத்திகை தவறாமல் மலையேறுபவர், குடிக்கிறவன் நிழலைக்கூட மிதிக்க மாட்டார் என்று தரகர் சொல்லியிருந்தார். சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இருங்க, காட்டறனுங்க!"

தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டு, செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன். பையிலிருந்து கிளாஸை எடுத்து அதன்மேல் வைத்துக் குனிந்தேன். எதிரே இருந்தவர்களுக்கு, என் முகம் கிளாஸுக்குள் போனது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"ஐயோ, முருகா!" என்று கோகிலாவின் அம்மா அலறினார். முறுக்குத் தட்டு தரையில் உருண்டது.

"இது... குடிக்கற கிளாஸுங்களா?" என்றார் அவள் அப்பா.

"அய்யய்யோ, அது ஐஸ்கிரீம் கப்புங்க சம்பந்தி!" என்றார் என் அம்மா. (அதற்குள் சம்பந்தியாம்!)

சித்தப்பா துள்ளி எழுந்தார். "யாருகிட்டங்க கதை உடறீங்க? ஓரத்துல மயில் படம் போட்டிருக்குது பாருங்க. கோயமுத்தூர் காந்திபுரத்துல அந்த ஏசி பாருல மட்டுந்தான் இந்தக் கிளாஸ்ல ஊத்துவாங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. கதவோரம் நின்ற சித்தி மெதுவாக முன்னால் வந்தார்.

"ஏனுங்க, அது உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆர்டர் எடுக்கறேன்னு வாராவாரம் காந்திபுரம் போனது இதுக்குத்தானுங்களா?"

நல்ல குடும்பத்தில் குண்டு வைத்துவிட்டேனே! கோகிலாவும் போச்சு, மானமும் போச்சு. கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குள் கிளம்பிவிடலாம் என்று பையைத் தேடினேன். அப்போதுதான் கோகிலா உள்ளிருந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. கிளாஸின் மேல் குனிந்து, அதைப் பொட்டுக்கு நேராக நகர்த்தினாள்.

"அப்பா, இங்க வந்து பாருங்க! பொட்டு மோதரமாட்டத் தெரியுது!"

அவர் தயங்கித் தயங்கிக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அத்தன தொலைவுல இருக்கறத உடுங்க. எங்க ஊட்டுக்குள்ளயே இத்தன வருசமாத் தெரியாதது இதுல தெரிஞ்சுபோச்சு. உக்காருங்க, காபி சாப்புட்டுப்போட்டுப் போலாம், மாப்பிள்ளை."

மாப்பிள்ளை! அம்மாவும் நானும் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்தோம்.

இப்போது அந்தக் கிளாஸ் என் மாமனார் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. பண்டிகைக்குப் போனால் எனக்கு அதில்தான் காபி. போன பொங்கலுக்கும் சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "காந்திபுரம் வரைக்கும் போயிட்டு வாரேன்," என்றார். சித்தி ஷோகேஸைத் திறந்து, கிளாஸைக் கண்ணில் வைத்து, கணவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"தூசியெல்லாம் வெலகி நல்லாத் தெரியறீங்க. போயிட்டு வாங்க."

சித்தப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.