செருப்புவழி நுழைவுத் திட்டம்

ஒரு மனிதன் தான் அவனேதான் என்று ஒரு நாளில் எத்தனை முறை நிரூபிக்க வேண்டும்? உலகத்து அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த இந்தக் கேள்விக்கு, 1988-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தருமபுரி மாவட்டத்தின் ஓர் அலுவலகம் விடை கண்டது. ஒரே முறை. அதுவும் காலால். அந்த அலுவலகத்தில் நான் உதவியாளன். விடையைக் கண்டவனும் நானே. அடக்கம் காரணமாக இதுவரை எழுதாமல் இருந்தேன்.

முதலில் இயந்திரங்களை விளக்கிவிடுகிறேன். நிதானமாகக் கேட்டால் மிக எளிது. எங்களிடம் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று குளிரூட்டிய அறையில் இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகத் தலைமை அலுவலகத்தோடு பேசி, விண்ணப்பங்களைச் சரிபார்க்கும். இன்னொன்று எதிர்க் கூடத்தில், சான்றிதழ் கொடுக்கும் எழுத்தர் சகாயமேரியின் மேசைமேல். அது யாரோடும் பேசாது. சான்றிதழை அச்சடிப்பதோடு சரி. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு அடி நடை. கம்பி எதுவும் கிடையாது. ஆகவே எங்கள் அதிகாரி ராஜப்பன், குளிர் அறையில் ரகசியச் சொல்லைத் தட்டித் தாம் ராஜப்பன் என்று நிரூபித்துவிட்டு, வெளியே வந்து, மேசைக் கம்ப்யூட்டரிடம் வேறொரு ரகசியச் சொல்லைத் தட்டி மறுபடியும் ராஜப்பன் ஆகவேண்டும்.

"ஏப்பா, பத்து நிமிசத்துக்கு முன்னாடி ராஜப்பனாத்தான இருந்தேன்? அதுக்குள்ள வேற ஆளாயிட்டனா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

"அந்தக் கம்ப்யூட்டர் நம்பினத இதுவும் நம்பணுங்க சார். அதுக்கு நடுவுல ஒரு அத்தாட்சி வேணுங்க."

"அத்தாட்சிக்கு எங்க போறது?"

அப்போதுதான் என் பார்வை குளிர் அறை வாசலில் விழுந்தது. உள்ளே தூசி போகக் கூடாது என்பதால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவோம். அதிகாரியின் தோல் செருப்பு, குதிகாலில் பித்தளை ஆணியோடு, அங்கே கிடந்தது. செருப்பு வெளியே இருந்தால் அவர் உள்ளே இருக்கிறார். உள்ளே இருந்தால் முதல் கம்ப்யூட்டர் அவரை நம்பிவிட்டது. அது நம்பிய ஒருவரை இது ஏன் சந்தேகப்பட வேண்டும்? சகாயமேரியின் நாற்காலியிலிருந்து வாசல் நன்றாகத் தெரியும். செருப்பைப் பார்த்ததும் அதிகாரியின் ரகசியச் சொல்லைச் சகாயமேரியே தட்டிவிடலாம்.

திட்டம் அன்றே அமலுக்கு வந்தது. ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதற்காக, இரண்டு சொற்களையும் சுவர்க் காலண்டரில் பென்சிலால் மட்டுமே எழுதி வைத்தோம். செருப்பு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதைக் குறிக்க ஒரு 'செருப்பு நகர்வுப் பதிவேடு' திறந்தேன்.

மூன்றாம் வாரம் அதிகாரி புதுச் செருப்பு ஒன்று வாங்கினார். பழைய ஜோடி வாசலிலேயே பணியில் இருந்தது. புதிய ஜோடி அவரோடு அவருடைய மாந்தோப்புக்குப் போய்வந்தது. அச்சு இயந்திரத்தில், முன்கூட்டியே கையெழுத்திட்ட தாள்கள் ஒரு கட்டு ஏற்றப்பட்டிருந்தன. குளிர் அறைக் கம்ப்யூட்டரை இயக்கும் பையன் முனிராஜுக்கும் காலண்டர் பார்க்கத் தெரியும். 'அதிகாரி இல்லை, நாளைக்கு வா' என்ற இழிசொல் எங்கள் அலுவலகத்திலிருந்து அடியோடு ஒழிந்தது.

இத்தனை நல்ல திட்டத்தைப் பொதுமக்களுக்கு மறுப்பது பாவம் என்று தோன்றவே, அவர்களுக்கும் விரிவுபடுத்தினேன். விண்ணப்பித்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு முனிராஜிடம் போவார். சகாயமேரி செருப்பைப் பார்த்துக்கொள்வார். விண்ணப்பித்தவர் வெளியே வந்ததும் சான்றிதழ்.

மறு ஆண்டு ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சித்தேரி மலையிலிருந்து குள்ளம்மாள் வந்தார். அவர் மகளுக்கு அரூர் விடுதியில் இடம் கிடைத்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் சாதிச் சான்றிதழைக் காட்டாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அரூர் பஸ் மூன்று மணிக்கு. குளிர் அறையில் முனிராஜ் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டான். குள்ளம்மாள் வந்து மேசை முன் நின்றார்.

சகாயமேரி வாசலை எட்டிப் பார்த்தார். "நீங்க இன்னும் உள்ளயே போவலியேம்மா?"

"இப்பத்தானுங்க போயிட்டு வரேன். எங்க மலையில கூட இந்தக் குளிரு இல்லீங்க."

"செருப்பு எங்க?"

"செருப்பேதுங்க? பொறந்ததுலேர்ந்து போட்டதில்லீங்க."

"வந்தாங்கக்கா! நான் பாத்தேன்!" என்று முனிராஜ் உள்ளிருந்து கத்தினான்.

"நீ பாத்தது உன் கம்ப்யூட்டருக்குடா. என் கம்ப்யூட்டருக்கு யாரு சொல்றது?"

இந்த இடத்தில் நான் தலையிட்டுத் திட்டத்தின் அடிப்படையைக் குள்ளம்மாளுக்கு முதலிலிருந்து விளக்கினேன். படம் போட்டும் காட்டினேன். மணி இரண்டு தாண்டிவிட்டது.

"அப்ப வெறுங்காலோட வந்தா வந்ததா ஆவாதுங்களா?"

"விதிப்படி ஆகாதும்மா."

"காலு இருக்குதுங்களே சாமி?"

"காலு திட்டத்துல இல்லம்மா. செருப்புதான் இருக்குது."

"இன்னைக்கி வுட்டா எம் பொண்ணு மறுபடி ஆட்டுக்குப் பின்னாடிதான் போவணும். யாரு செருப்புன்னாலும் ஆவுங்களா?"

"செருப்புன்னா செருப்புதாம்மா," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அந்த நேரத்தில் வாசலில், முனிராஜின் வார் அறுந்த ரப்பர் செருப்பை விட்டால், ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. குள்ளம்மாள் போய் அதை எடுத்தார். உள்ளே குடியிருந்த சிலந்தியைத் தட்டிவிட்டார். காலில் மாட்டிக்கொண்டார். பித்தளை ஆணி சிமெண்ட் தரையில் டக், டக் என்று ஒலிக்க, சகாயமேரியின் மேசைக்கு வந்து நின்றார்.

சகாயமேரி செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் உதட்டோரம் என்னவோ துடித்தது. "திட்டப்படி இது யாருங்க சார்?"

நான் நேர்மையானவன். பதிவேட்டைப் புரட்டினேன். "அதிகாரி," என்றேன்.

சகாயமேரி எழுந்து நின்றார். "வணக்கங்க ஐயா. சொல்லுங்க."

குள்ளம்மாள் தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மெல்ல நிமிர்ந்தார்.

"சித்தேரி குள்ளம்மா மவளுக்குச் சர்டிபிகேட்டு குடுத்தாச்சா?"

"இன்னும் இல்லீங்க ஐயா."

"ஏன்?"

அந்த அலுவலகத்தில் ஓராண்டுக்கு மேலாக எந்த அதிகாரியும் கேட்டிராத கேள்வி அது. அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. நடுவில் ரிப்பன் சிக்கிக்கொள்ள, அதிகாரி நின்றபடியே காத்திருந்தார். தாள் கைக்கு வந்ததும் செருப்பை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினார். பிள்ளைக்கு இடம் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். பதிவேட்டில் நான் கடமை தவறவில்லை: 'செருப்பு வெளியேறியது 2.10. திரும்பியது 2.35.'

அந்த மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர், பதிவேட்டைப் படித்துப் பிரமித்துப்போனார். "பொங்கலன்னைக்குக் கூட உள்ளயே இருந்திருக்காரே! ஞாயித்துக்கிழமையும்! இப்படி ஒரு மனுசனா!" பாராட்டுப் பத்திரத்துக்குப் பரிந்துரை எழுதப் பேனாவைத் திறந்தவரின் விரல், அந்தச் செவ்வாய்க்கிழமையில் வந்து நின்றது.

"ராஜப்பன், இந்த இருபத்தஞ்சு நிமிசம் சீட்டை வுட்டு எங்க போனீங்க?"

ராஜப்பன் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். தாம் அன்று அலுவலகத்திலேயே இல்லை என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? 'தேநீர் அருந்தச் சென்றுவிட்டேன். இனி இவ்வாறு நேராது' என்று எழுதிக் கொடுத்தார். பாராட்டுப் பத்திரம் கைவிட்டுப் போய், கண்டனக் குறிப்பு வந்தது. அதைத் தட்டச்சு செய்தவனும் நானே. அடியில் ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுத்தது. விதியில் இடமில்லாததால் விட்டுவிட்டேன். அந்த வரியை இங்கே சேர்க்கிறேன்:

அந்த இருபத்தைந்து நிமிடம்தான் அந்தச் செருப்புக்குள் கால் இருந்தது.