கன்னி மூலையில் ரத்தம்

அன்புள்ள குமரவேலுக்கு, முடிச்சூரிலிருந்து தினகரன் எழுதுவது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டுக் கும்பிடும் கை ஒன்றைப் போடுவாய். அதனால்தான் கடிதம். யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். "நேரில் பார்த்தாயா" என்று பிறகு நீ கேட்கக் கூடாது.

இடம், எதிர்வீட்டு ஜெயவேலு அண்ணன் வீட்டுக் கொல்லை. மாமரத்தடி பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன். சிமென்ட் மூட்டை மேல் அவர் மகள் அனுப்பிரியா, கையில் செல்போன். மணல் குவியல் மேல் துண்டு விரித்துத் தெருக்காரர்கள். துணி துவைக்கும் கல்லில் நான். கூடத்து சோபாவையே தூக்கி வந்து போட்டிருந்தார்கள். அதில் வாஸ்து செம்மல் வெற்றிவேல். பின்வாசல் நிலைக்கு உள்ளே, சக்கர நாற்காலியில், அண்ணன் மனைவி தாயாரம்மாள். வாசலைத் தாண்டினால் படிகள். அதனால் அதற்கு மேல் அக்காவால் வர முடியாது.

அந்தப் படிகளுக்காகத்தான் வேலையே ஆரம்பித்தது. போன வருஷ விபத்துக்குப் பிறகு அக்கா வெயிலைப் பார்ப்பது ஜன்னல் வழியாகத்தான். வாசல் மட்டத்துக்கே கொல்லையில் ஒரு மரத்தளம் போட்டால் நாற்காலி மாமரம் வரை உருண்டு போகும். அனுப்பிரியா அதை 'டெக்' என்பாள். தளத்தின் கால்களை நடக் குழிகள் வெட்டியாயிற்று. தென்மேற்கில், அதாவது வாஸ்துக்காரர்களின் கன்னி மூலையில், குழிக்கு அடியில் கான்கிரீட்டும் போட்டாயிற்று. மற்ற குழிகள் வெறும் மண்.

அந்த நேரத்தில்தான் அனுப்பிரியா வெற்றிவேலை ஒரு வீடியோவில் கண்டெடுத்தாள். "லட்சம் பேர் பார்த்திருக்காங்கப்பா!" 2015 வெள்ளத்தையும் லட்சம் பேர் பார்த்தோம். அதை யாரும் கார் அனுப்பி அழைத்து வரவில்லை.

வாசலில், எங்கள் தெருவில் மீன் விற்கும் அங்காளம்மா ஆரத்தி சுற்றினாள். தட்டில் சிவப்பு நீர் ததும்பியது. பாதியைத் தெருவில் ஊற்றிவிட்டு, மீதித் தட்டோடு வேடிக்கை பார்க்கக் கொல்லைக்கு வந்துவிட்டாள். இந்தத் தட்டை மனதில் வைத்துக்கொள்.

செம்மல் குழிகளைச் சுற்றிக் குனிந்து குனிந்து நடந்தார். தியானம் என்று நினைத்தோம். பிறகு செம்பிலிருந்து மஞ்சள் நிற 'பூமி தீர்த்தத்தை' வடகிழக்குக் குழியில் ஊற்றினார். மஞ்சளாகவே இருந்தது. "ஈசானியம் சுத்தம்" என்றார். அடுத்து கன்னி மூலைக் குழி. ஊற்றியதும் குபுக்கென்று சிவந்தது.

"ஐயோ, ரத்தம்!" எல்லாரையும் விட உரக்கக் கத்தியவள் அங்காளம்மா.

"ஆவி ஒண்ணு காவு கேக்குதும்மா" என்றார் செம்மல், சாவகாசமாக. "2015ல உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, எதனாலன்னு நெனைக்கிறீங்க?"

முடிச்சூர் முழுக்கத்தான் வந்தது. ஊர் முழுக்க ஒரே கொல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். ஜெயவேலு அண்ணன் அதற்குள் முந்திக்கொண்டார். "பரிகாரம் இன்னா சார்?"

செம்மல் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குழியில் பிழிந்தார். சிவப்பு மறைந்து மஞ்சளானது. மணல் குவியலே எழுந்து கும்பிட்டது. "இப்ப அடங்கிடுச்சு. ஆனா திரும்பி வரும். இங்க மேடை கூடாது. பின்வாசலுக்கு ஆணி அடிச்சிடுங்க. ஒரு வருஷம் தொறக்கவே கூடாது. மாசாமாசம் நானே வந்து சாந்தி பண்றேன்."

அண்ணன் சுத்தியல் தேடப் போனார். ஆணி இறங்கப் போவது அக்காவின் ஒரே வழியில்.

"இன்னாங்க, சுத்தியல அப்பால தேடு" என்றாள் தாயாரம்மாள் அக்கா. "சார், அந்த ஆவி குழிக்குள்ள மட்டும் கீதா, மூலை முழுக்க கீதா?"

"மூலை முழுக்கம்மா."

"அப்ப குழிக்கு வெளிய, பக்கத்து மண்ணுல ஊத்துங்க."

"தீர்த்தத்தை வீணாக்கக் கூடாதும்மா."

"அனு, நீ ஊத்துடி."

ஊற்றினாள். மஞ்சள். ஆவிக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமை போலிருக்கிறது.

"இப்ப நீ உக்காந்துகினு இருந்தியே, அந்த மூட்டை. கிழிசல்ல சிமென்ட் சிந்திக்கினு கீது பாரு, அது மேல ஊத்து."

ஊற்றினாள். ரத்தம்!

"மூட்டைக்கும் கன்னி மூலை கீதா சார்?"

மணல் குவியலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செம்மல் அசரவில்லை. "சிமென்ட் கடையிலயே தோஷம் இருந்திருக்கலாம்."

"இருக்கலாம் சார், இருக்கலாம். அடியே அங்காளம்மா, கையில இன்னா அது?"

"ஆரத்தித் தட்டுக்கா."

"இன்னா கலந்த?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்தான்."

"செவந்துச்சா?"

"செவக்காம?"

"அதுக்கு ஏன்டி நீ 'ஐயோ ரத்தம்'னு கத்தல?"

அங்காளம்மா தட்டைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள். கல்யாணம், காதுகுத்து, பிள்ளைப்பேறு என்று காலமெல்லாம் கரைத்த கை! பிறகு, சோபாவில் திரும்ப உட்கார்ந்திருந்த செம்மலின் மடியருகே இருந்த இன்னொரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தட்டில் பிழிந்தாள். மஞ்சளானது.

"அக்கா, நான் ஆவிய அடக்கிட்டேன்! இனிமே மீன் விக்க மாட்டேன், நானும் வீடியோ போடுறேன்."

மதில் வரைக்கும் சிரிப்பு. "நம்பிக்கை இல்லாத எடத்துல சக்தி வேலை செய்யாது" என்று முனகிக்கொண்டே செம்மல் எழுந்தார். தீர்த்தத்தில் இருந்த மஞ்சளுக்கும் சிமென்ட்டில் இருந்த சுண்ணாம்புக்கும் மட்டும் யாருடைய நம்பிக்கையும் தேவைப்படவில்லை. அவர் கார் கிளம்பும்போது அங்காளம்மா மீதி ஆரத்தியை டயரில் ஊற்றினாள். "திருஷ்டி கழிஞ்சுது, போய்ட்டு வா சாரே. வரவே வேணாம், போ."

செம்பை விட்டுவிட்டுப் போய்விட்டார். குழாயடியில் இருக்கிறது. அண்ணன் தேடி எடுத்த சுத்தியலும் வீண் போகவில்லை. அதே சுத்தியலால்தான் தச்சர் பலகை அடித்தார்.

இந்தக் கடிதத்தை டெக்கின் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் அக்கா வெயிலில் நாற்காலியை மாமரத்துக்கும் வாசலுக்குமாக உருட்டிக்கொண்டு, இடம் கேட்கிற எல்லாரையும் விரட்டுகிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே வெற்றிவேல் உங்கள் நாவலூர் அபார்ட்மென்ட் தோட்டத்துக்கு வருகிறார் என்று பெருமையாக எழுதியிருந்தாயே. வரட்டும். ஆரத்தி கரைத்து வையுங்கள். சுற்றுவதற்கு முன் அந்தத் தட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நம் கையால் கலந்ததையே தெய்வம், பேய் என்று கும்பிடுகிறவர்களிடம் செம்பு தூக்கிக்கொண்டு ஒருவன் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

கடிதத்தை மடித்து உறையில் போடப் போனேன். அக்கா உறையை வாங்கி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். மங்களத்துக்கு இல்லையாம். "இதுல கன்னி மூலை எதுன்னு அந்தாளு கண்டுபுடிக்கட்டும்" என்று சொல்லி, தபாலில் போட அனுப்பிரியாவைக் கூப்பிடுகிறாள்.