ஆடிச்சுற்றில் எனது ஒன்பதாவது சுற்று

டாக்டர் பத்து வார்த்தை சொன்னால் நோயாளியின் காதில் விழுவது இரண்டு. அந்த இரண்டும் அவனுக்குப் பிடித்த இரண்டாகத்தான் இருக்கும். ஊராரைக் குறை சொல்லவில்லை. என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு முப்பது வயது. சங்கரன்கோவில் பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தா வேலை. ஊரே ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்திலும் நான் எப்படியோ பெருத்துக்கொண்டே போனேன். (பார்த்தவர்கள் எல்லாம் என்னைக் கொஞ்சம் சந்தேகத்துடனேயே பார்த்தார்கள்.) கூடவே சின்ன வயதிலிருந்து இளைப்பு நோய். உடம்பு இளைக்காது; மூச்சு மட்டும் இளைக்கும். ஆபீஸ் படி பதினொன்று ஏறுவதற்குள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்.

“உடம்பைக் குறைச்சா மூச்சுக்குப் பாரம் குறையும். தினமும் மெதுவா நடங்க. மூச்சு வாங்கினா நின்னுருங்க. மாத்திரையைக் கையிலேயே வச்சுக்கோங்க. ஓடக் கூடாது.”

என் காதில் விழுந்தது: குறைக்கணும், நடக்கணும்.

அது ஆடி மாதம். எங்கள் கோயிலில் பன்னிரண்டு நாள் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் ஊர் ஜனங்கள் பிரகாரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் அம்பாளின் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. நூற்றெட்டுச் சுற்று என்பது சாதாரணக் கணக்கு. புண்ணியமும் சேரும், தொப்பையும் கரையும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

பக்கத்து மேஜைக்காரர் சுடலைமுத்துவிடம் சொன்னேன். குச்சி போல இருப்பார், மனுஷர்.

“நூத்தியெட்டா? எத்தனை நாளைக்குவே?”

“எத்தனை நாளா? ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்.”

“நடந்தா முடியாதேவே.”

“நடப்பேன்னு யாரு சொன்னா?” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேட்டியை மடித்துக் கட்டி, மடியில் எண்ணிக்கைக்காக நூற்றெட்டுப் புளியங்கொட்டை முடிந்துகொண்டு கிளம்பினேன். சட்டை இல்லை, ஆகவே பை இல்லை, ஆகவே மாத்திரை இல்லை. (அம்பாள் இருக்கும்போது மாத்திரை எதற்கு என்றும் ஒரு நினைப்பு.) சுடலைமுத்து வேடிக்கை பார்க்க வந்து ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

ஓடினேன். ஓட்டம் என்று நான்தான் சொல்கிறேன். பார்த்தவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருக்கலாம்.

பிரகாரத்தில் என்னைப் போலவே கனத்த ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவ்வளவு மெதுவான நடையை நான் கோயில் யானையிடம் மட்டுமே பார்த்திருக்கிறேன். கூட வந்த இன்னொரு பெண்ணிடம் ஏதோ பேசிக்கொண்டே போனாள். ஒவ்வொரு மூலையிலும் நின்றாள். நான் அவளை முதல் தடவை தாண்டியபோது பரிதாபப்பட்டேன். இரண்டாம் தடவை, “கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க” என்றேன். மூன்றாம் தடவை தலையைக்கூடத் திருப்பவில்லை. அவ்வளவு கர்வம்.

ஒன்பதாவது சுற்றில் வடமேற்கு மூலை திரும்பும்போது மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. வாயைத் திறந்து சத்தம் போடப் பார்த்தேன். விசில்தான் வந்தது. கால் மடங்கி விழுந்தேன். மடி அவிழ்ந்து புளியங்கொட்டை நாலா திசையும் ஓடியது. பின்னால் வந்த இரண்டு பேர் அதில் வழுக்கி என் மேலேயே விழுந்தார்கள்.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார். இன்னொருவர் முகத்தில் தண்ணீரைக் கொட்டினார். மூன்றாவதாக ஒரு புண்ணியவான், சாமி வந்திருக்கிறது என்று நினைத்து, புகைகிற சாம்பிராணித் தூபக்காலை என் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நீட்டினார். சாவு சாம்பிராணி வாசனையில்தான் வரும் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. உண்மையாகவே பயந்தேன். வீட்டில் என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. நான் அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்திருந்தேன்.

“அதை அங்கிட்டு எடுங்க! சாமியும் இல்ல பேயும் இல்ல, இளைப்பு! நவுந்து நில்லுங்க, காத்து வரட்டும்!”

அவள்தான். ஓடி வரவில்லை. அதே நடையில்தான் வந்து சேர்ந்தாள். ஆனால் அந்தக் குரலுக்கு மொத்தப் பிரகாரமும் நாலடி பின்னால் போனது.

“அண்ணாச்சியைத் தூக்கி உக்கார வைங்க. படுக்க வைக்காதிய.” (என் வயதுக்காரி என்னை அண்ணாச்சி என்றது மூச்சுத் திணறலைவிடச் சற்று அதிகமாகவே வலித்தது.) “முன்னால குனிங்க. கையை முட்டு மேல ஊணிக்கோங்க. வாயைக் குவிச்சு, சூடான காப்பிய ஊதுத மாதிரி மெள்ள ஊதுங்க. இழுக்கப் பாக்காதிய, ஊதுங்க. மாத்திரை எங்க?”

நான் வீட்டுத் திசையில் விரலை நீட்டினேன். சுடலைமுத்து பாய்ந்து ஓடினார். ஓட வேண்டியவர் அவர்தான் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

அவர் வரும்வரை அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்து தானும் ஊதினாள். அவள் ஊத, நான் ஊத, கூட்டத்தில் பாதிப் பேர் தங்களை அறியாமல் ஊதினார்கள். மாத்திரை வந்து, விழுங்கி, அரை மணி நேரம் கழித்து எனக்குப் பேச்சு வந்தது.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நானும் இளைப்புக்காரிதான். போன வருசம் இதைவிட ரெண்டு மடங்கு இருந்தேன். பள்ளிக்கூடத்துல கரும்பலகைய அழிச்சாலே உக்காந்துருவேன். பெரியாஸ்பத்திரி டாக்டருதான் நடக்கச் சொன்னாரு.”

“எனக்கும் அவரேதான் சொன்னாரு.”

“ஓடச் சொன்னாரா?”

பக்கத்தில் கிடந்த ஒரு புளியங்கொட்டையைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டேன்.

“பேசிக்கிட்டே நடக்கணும், அண்ணாச்சி. பேச்சு நின்னா காலும் நிக்கணும். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒம்பது சுத்துதேன். பன்னெண்டு நாளும் சேந்து நூத்தியெட்டு வந்துரும்.”

முந்தானை முடிச்சில் அவளுடைய மாத்திரை பத்திரமாக இருந்ததைப் பார்த்தேன். எழுந்தாள். “இன்னைக்கு இன்னும் அஞ்சு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஐந்து சுற்றையும் நான் தூணில் சாய்ந்தபடி பார்த்தேன். என் வாழ்க்கையில் தேரைப் பார்த்திருக்கிறேன், வெள்ளத்தைப் பார்த்திருக்கிறேன். அப்படி வாய் பிளந்து எதையும் பார்த்ததில்லை. மூலைக்கு மூலை நின்று, நெஞ்சில் கை வைத்து, மூச்சு ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த அடி எடுத்து வைத்தாள். அவளைத் தாண்டிப் போனவர்கள் எத்தனையோ பேர். ஒருத்தரையும் அவள் பார்க்கவில்லை. நான் ஒதுங்கச் சொன்னதைக்கூட அவள் கவனித்திருக்கமாட்டாள். அதை நினைக்க நினைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாளிலிருந்து நானும் நடந்தேன். முதல் நாள் ஒரு சுற்று, பிறகு இரண்டு, சுடலைமுத்துவுடன் ஆபீஸ் வம்பு பேசிக்கொண்டே. இரண்டு வருஷத்தில் பழைய சட்டைகள் தொளதொளவென்று ஆயின. இளைப்பு போய்விடவில்லை, ஆனால் எனக்கும் அதற்கும் ஓர் உடன்பாடு வந்துவிட்டது.

அந்த வருஷத் திருவிழாவின் கடைசி நாள் அவள் நூற்றெட்டாவது சுற்றை முடித்தபோது நாங்கள் கொடிமரத்தருகே நின்றிருந்தோம். கடைசி மூலையிலும் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் வந்தாள். என்னையறியாமல் என் இரண்டு கையும் குவிந்துவிட்டன.

“அம்பாள் அங்கனல்லா இருக்கா. இங்கன யாரைவே கும்பிடுதீரு?” என்றார் சுடலைமுத்து.

“கோமதியைத்தான்” என்றேன் சமாளித்து.

அம்பாள் பெயர் அது. அந்தப் பள்ளிக்கூட டீச்சர் பெயரும் அதுதான் என்று எனக்குச் சத்தியமாக அப்போது தெரியாது. சுடலைமுத்துவுக்குத் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துக்கொண்டே, என் மனைவியிடம் முழுக் கதையையும் ஒப்பித்துவிட்டார்.

பிரசவம் நல்லபடியாக முடிந்தபோது “எல்லாம் கோமதி புண்ணியம்” என்றேன். படுக்கையில் கிடந்தபடியே என் மனைவி கேட்டாள்: “எந்தக் கோமதி? கோயில்லயா, பள்ளிக்கூடத்துலயா?”

இப்போது அதே கேள்வியைப் பேரன்கள் கேட்கிறார்கள். இரண்டு கோமதிக்குமாகச் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நான் நடக்கக் கிளம்பிவிடுகிறேன்.