பள்ளத்தைத் தூரத்தில் சேர்ப்பதில்லை

"நடுவுல பள்ளத்தாக்கு இருக்கே, சார்."

"பள்ளத்தையெல்லாம் தூரத்துல சேர்க்கிறதில்லப்பா. படத்தைப் பாரு, ஒரு விரல்கடை. சந்தோஷமா குடித்தனம் பண்ணுங்க."

எனக்குக் கல்யாணமான வாரம் எங்கள் நில அளவைத் துறை இயக்குநர் இப்படிச் சொன்னார். மனிதகுலம் மலைகளை வென்றது அன்றுதான் என்பேன். கணவனும் மனைவியும் 'அருகருகே' பணிபுரிய வேண்டும் என்ற கருணைமிகு ஆணைப்படி எனக்கு மேற்குப் பீடபூமி, அவளுக்குக் கிழக்குப் பீடபூமி. நடுவே செங்குத்துப் பாறை, அடியில் ஆறு. பாலம் கிடையாது. இறங்கி, தெப்பத்தில் கடந்து, மறுபக்கம் ஏறுவதற்குள் பாதி விடுப்பு தீர்ந்துவிடும். மீதி திரும்பி வர. தலைமையகத்து வரைபடமோ மேசைமேல் தட்டையாகக் கிடந்தது.

துறை எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆளுக்கொரு அளவைத் தொலைநோக்கி, ஒரு வயர்லெஸ். அந்தப் பழைய தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். எனவே கல்யாணமானதிலிருந்து என் மனைவியைத் தலைகீழாகவே காதலித்து வருகிறேன்.

"நேத்து ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே?" என்று வயர்லெஸ்ஸில் கேட்டேன்.

"சிரிச்சேங்க. உங்களுக்கு அது கவுந்து தெரிஞ்சிருக்கும்."

மேலதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போதெல்லாம் மாற்றல் கேட்க வாயைத் திறப்பேன். "டீ சாப்பிடறீங்களா, சார்?" என்றுதான் வரும்.

போன வாரம் இயக்குநரே ஜீப்பில் வந்து இறங்கினார், கையில் 'பிரியாத தம்பதி' கேடயத்தோடு.

"வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடப்பா, போட்டோ எடுக்கணும்."

"இப்ப கூப்பிட்டா வெள்ளிக்கிழமை வந்திடுவா, சார். ஆத்துல தண்ணி குறைஞ்சா."

"பக்கத்துலதானே இருக்காங்க?"

"ஆமா, சார். அதோ."

தொலைநோக்கியைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்ப்பா, தலைகீழா நிக்கிறாங்க?"

"நம்ம துறையில அப்படித்தான், சார்."

எங்கள் இயக்குநர் எதற்கும் மனம் தளர மாட்டார். "சரி, நீ மட்டும் கேடயத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. அவங்க படத்தை அப்புறமா பக்கத்துல ஒட்டிக்கலாம்." பிறகு வயர்லெஸ்ஸை எடுத்து, "அம்மா, வாழ்த்துகள். துறை உங்களுக்கு வேற என்ன செய்யணும்?" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் கரகரப்புக்கு நடுவே அவள் குரல் நிதானமாக வந்தது.

"பக்கத்துல இருந்தது போதும், சார். எங்களை ஒரே வீட்டுக்கு மாத்திடுங்க."