சம்மதமும் சத்தமும்

சத்தத்தைக் குறை சொல்கிறவன் அடுத்தவர் பேச்சைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை. என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையம் பொருட்காட்சிக்கு ஒரு ஹெலிகாப்டர் வந்தது. டிக்கெட் வாங்கினால் ஊரையும் மலையையும் சுற்றிக் காட்டி இறக்கிவிடும். மைதானத்துக்குப் பின்தெரு எங்களுடையது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓடுகள் நடுங்கும். பால் சட்டி மூடி தாளம் போடும். பஞ்சாலை இரைச்சலுக்குப் பழகியவர்களே காதைப் பொத்தினார்கள். நானோ சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். (எண்ணினால் குறையுமா? குறையவில்லை.)

அந்த வாரம்தான் என் தங்கை செல்வியைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்கள். அப்பா இல்லாத வீடு. பேச வேண்டியவன் நான். மாப்பிள்ளையை அவள் டைப்ரைட்டிங் வகுப்பில் பார்த்திருக்கிறாள்.

“எனக்குப் புடிச்சிருக்குண்ணே. கேட்டா டக்குன்னு சரின்னு சொல்லிருங்க” என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

காப்பி குடித்தானது. மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். தலைக்கு மேலே பதினோராவது சுற்று. “சத்தந்தானா?” என்று என் காதில் விழுந்தது. நம் வேதனை புரிந்த மனிதர் என்று நெகிழ்ந்தே போனேன்.

“அத ஏன் கேக்கீய!” என்று அடித்தொண்டையில் கத்தினேன். “வீட்டுல ஒருத்தருக்கும் புடிக்கல! தங்கச்சிக்குத் தலவலியே வந்திருச்சு! எப்ப ஒழியும்னு காத்துக்கிட்டு இருக்கோம்!”

மாப்பிள்ளை வாயருகே கொண்டுபோன மிக்சரைத் தட்டிலேயே போட்டார். எல்லோரும் எழுந்து வெளியே நடந்தார்கள்.

செல்வி ஓடி வந்தாள். “அண்ணே, பொண்ணுக்குச் சம்மதந்தானான்னுல்ல அவிய கேட்டாக!”

பஸ் நிறுத்தம் வரை ஓடினேன். “நான் ஹெலிகாப்டரச் சொன்னேன் மாமா!”

“எங்களுக்கு நல்லாவே கேட்டுச்சு தம்பி” என்றார் அவர். மீதியைப் பன்னிரண்டாவது சுற்று விழுங்கியது. விளக்கிக் கடிதம் போட்டேன். பையனுக்கு வேறு இடம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

அன்று செல்வி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அவளுக்குச் சிவகாசியில் இடம் அமைந்தது. நல்ல மனிதர்தான். போன வருடம் அவள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பேச்சு தொடங்கும் முன்பே செல்வி ஒரு கரண்டி பால்கோவாவை என் வாயில் திணித்தாள். “அண்ணன் மெதுவா முழுங்கட்டும், நீங்க பேசுங்க.”

கதை தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், என் பக்கம் மட்டும் திரும்பாமல்.